கீரை வடை வாங்க வந்தவர்கள்

பஜ்ஜிக் கடைக்குப் பக்கத்தில் நின்று காய்கறிப் பலகாரம் விற்பது எவ்வளவு கஷ்டம் என்று, வீட்டில் தட்டோரம் ஒதுக்கிய கேரட்டைக் குப்பையில் அள்ளிப்போடுகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செங்கம் ரோட்டில் தள்ளுவண்டி வைத்திருக்கிறேன். முருங்கைக்கீரை வடை, பீட்ரூட் கட்லெட், கேரட் துருவிப் போட்ட பயறு சுண்டல். சரக்கு இவ்வளவுதான்.

டாக்டர் சொன்ன காய்

ஆட்டோ ஓட்டும் கோவிந்தன் தினமும் பக்கத்துக் கடையில் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, கை துடைக்க மட்டும் என்னிடம் பேப்பர் கேட்பார். ஒருநாள், பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வருகிறது என்றார். காயும் பழமும் கம்மியாகச் சாப்பிடுவதால் வருவது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். சுண்டலில் எலுமிச்சம்பழம் பிழிந்து நீட்டினேன். வாங்கிக்கொண்டார், ஆனால் கண் பஜ்ஜிச் சட்டியிலேயே இருந்தது.

“வெங்காயமும் காய்தானே அக்கா?”

பீட்ரூட்

ஒரு பௌர்ணமியன்று கிரிவலம் வந்த குடும்பம். கூட வந்த சின்னப் பெண் காய் என்றாலே வாயை மூடிக்கொள்ளுமாம். கட்லெட்டின் சிவப்பைப் பார்த்து ஆசைப்பட்டு இரண்டு சாப்பிட்டது, மூன்றாவதும் கேட்டது. தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்த அப்பா வந்து, “பீட்ரூட்டா? எனக்கு அந்த வாசனையே ஆகாது” என்றார். அதைக் கேட்டதும் குழந்தை மூன்றாவதைத் தட்டிலேயே வைத்துவிட்டது. அம்மா என்னைப் பார்த்தார்.

“புள்ளைக்கு வழி பண்ணிட்டீங்க. இவருக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா?”

செல்வி

எனக்கு எதிரே பூ விற்பவள் செல்வி. அடி அண்ணாமலையிலிருந்து வருவாள். காலையிலும் மத்தியானமும் டீயும் பன்னும்தான். கொஞ்ச நாளாகப் பொழுது சாய்வதற்குள் பூ மிச்சமிருக்கும்போதே கிளம்பிக்கொண்டிருந்தாள். வீட்டில் ஏதோ பிரச்சினை என்று நினைத்தேன். ஒரு சாயங்காலம் கிளம்ப நேரமாகி, இருட்டில் ஓரமாக நின்ற சைக்கிள் மேல் நேராகப் போய் மோதி விழுந்தாள். பூக்கூடை ரோட்டில் கவிழ்ந்தது. “பாத்து வரக் கூடாதா?” என்று திட்டிக்கொண்டே தூக்கினேன்.

“இருட்டினா ஒண்ணுமே தெரியலக்கா. வீட்ல சொன்னா யாவாரத்துக்கு அனுப்ப மாட்டாங்கனு சொல்லல” என்றாள். சிதறிய பூவைக் கூடையில் அள்ளிப் போட்டேன்.

மறுநாள் வண்டியைப் போடாமல் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வைட்டமின் ஏ குறைவு என்று டாக்டர் மருந்து கொடுத்தார். கீரை, கேரட், பப்பாளி சேர்க்காவிட்டால் திரும்பவும் வரும் என்றார். அன்றிலிருந்து அவளுடைய பன்னை நிறுத்தினேன். சாயங்காலம் கீரை வடையும் சுண்டலும் அவள் பக்கம் போய்விடும். வேண்டாம் என்றாலும் விடமாட்டேன்.

மெல்ல மெல்லப் பார்வை தேறி, விளக்கு வைத்த பிறகும் உட்கார்ந்து பூ விற்க ஆரம்பித்தாள். ஒருநாள் இருட்டும் நேரத்தில் வடையைப் பிட்டு, கிட்டே வைத்து உற்றுப் பார்த்தாள்.

“நல்லாத் தெரியுதுக்கா. இந்தக் கீரையில மண்ணு இருக்குது பாரு.”

பலகாரம் விற்கிறவளுக்கு இதைவிட நல்ல சேதி வராது என்பதால், கீரையை இப்போது இன்னும் ஒரு தண்ணீர் கூடுதலாக அலசுகிறேன்.