இருதயமேரி மோந்து பார்த்த தின்னர்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் சாலையோரம், தகரம் போட்ட ஒரு ஷெட்டில் சவுரிராயன் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறார். சொந்த ஊர் முகையூர் பக்கம். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போனவர்கள். இவருக்கு வயது நாற்பத்தேழு. ஸ்பிரே கன்னைக் கையில் எடுத்து இருபத்தாறு வருஷம் ஆகிறது.

பெயிண்ட் டப்பாவில் இருக்கும்போது கெட்டியாக இருக்கும். தின்னர் கலந்து இளக்கினால்தான் கன்னிலிருந்து பூவாகப் பறக்கும். ஆனால் எல்லாப் பெயிண்டுக்கும் ஒரே தின்னர் ஆகாது. அடிப்பூச்சுக்கும் கன் கழுவுவதற்கும் என்.சி. தின்னர், பூச்சை இறுகவைக்கும் ஹார்டனர் சேர்த்து அடிக்கிற மேல்பூச்சுக்கு பி.யூ. தின்னர். இரண்டும் பார்வைக்குத் தண்ணீர் மாதிரிதான். கடைக்காரர் ஒரே மாதிரி வெள்ளைக் கேன்களில் ஊற்றிக் கொடுப்பார். சவுரிராயன் அதில் எதுவும் எழுதிவைத்ததில்லை. மூடியைத் திறந்து ஒரு தடவை மோந்தால் போதும்.

இரண்டாம் கொரோனா அலையில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாளில் எழுந்துவிட்டார். நாக்கு ருசி திரும்பிவிட்டது, மூக்குக்கு வாசனை திரும்பவில்லை. இன்று வரும், நாளை வரும் என்று யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டார். கேன்களை வைத்த இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டினார். வலப்பக்கச் சுவரோரம் பி.யூ., இடப்பக்கம் என்.சி.

இரண்டு வருஷம் கழித்து ஓர் ஆவணி மாதத்தில் ஷெட்டுக்குள் மழைத்தண்ணீர் புகுந்தது. தரையிலிருந்த சாமான்களையெல்லாம் பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் வேங்கடேசன் அவசரத்துக்கு எடுத்து மேசைமேல் வைத்தார். அவர் உதவியாகத்தான் செய்தார். கேன்கள் இடம் மாறிப்போயின.

அந்த வாரம் ஷெட்டில் நின்றது ஜினபாலனின் நீலக் கார். ஜினபாலன் திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை வியாபாரம் செய்பவர், அதிர்ந்து பேசாதவர். லாரி உரசிய இரண்டு கதவுகளுக்கும் சவுரிராயன் வண்ணம் அடித்து, மேசையில் வலப்பக்கம் இருந்த கேனை பி.யூ. என்று நம்பிக் கலந்து, மேலே பளபளப்புக்கான பூச்சையும் கொடுத்தார். அடிக்கும்போது எல்லாம் சரியாகவே இருந்தது. மறுநாள் காலையில் கதவைத் தொட்டுப் பார்த்தார். விரல் பதிந்தது. வெயிலில் நிறுத்தினார். சாயங்காலமும் பதிந்தது. பளபளப்பு போய்ப் பால் ஆடை படிந்தாற்போல் கதவு மங்கியிருந்தது. பி.யூ. பூச்சில் என்.சி. தின்னரைக் கலந்துவிட்டால் ஹார்டனர் பிடிக்காது என்பது அவருக்குத் தெரியும். மேசையில் நான்கு கேன்கள் இருந்தன. எது எது என்று மட்டும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் ஜினபாலன் வந்தார். மழை ஈரத்தால் இப்படி ஆகிவிட்டது என்று சொன்னால் அவர் நம்பியிருப்பார். சவுரிராயனும் அப்படிச் சொல்லத்தான் வாயெடுத்தார். ஆனால் சுரண்டிவிட்டு மறுபடி அடிக்கும்போதும் அதே நான்கு கேன்களின் முன்னால்தானே நிற்கவேண்டும்?

"மழை இல்லீங்க. தின்னர் மாறிப்போச்சு," என்றார். "எனக்கு மோந்தா ஒண்ணும் தெரியல. ரெண்டு வருஷமா இப்படித்தான் ஓட்டிக்கினு இருக்கேன்."

ஜினபாலன் கதவில் விரலை வைத்து, பதிந்த தடத்தைப் பார்த்தார். "டாக்டர்கிட்ட காட்டுனியா?"

"இல்லீங்க."

"மொதல்ல காட்டு. வண்டிக்கு ஒண்ணும் அவசரமில்ல. ஆனா இந்த தடவ மூக்கு இருக்கிற யாரையாவது கூட வச்சிக்க."

வீட்டில் சொல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. மனைவி இருதயமேரி தையல் மெஷினை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தாள். அவருக்கு வியப்பாக இருந்தது, அவள் வியப்படையாததுதான்.

"கெட்டுப்போன கருவாட்ட வறுக்கச் சொன்னியே, அன்னிக்கே தெரியும்," என்றாள். "நீயே சொல்லுவன்னு இருந்தேன்."

மறுநாள் அவள் ஷெட்டுக்கு வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் சட்டையில் வரும் தின்னர் நாற்றத்தைத் திட்டிக்கொண்டே துவைத்தவள். நான்கு கேன்களையும் திறந்து, மூக்கைச் சற்றுத் தள்ளியே வைத்துக்கொண்டு மோந்தாள். இரண்டு கேன்கள், ஆஸ்பத்திரியில் ஊசி போடுமுன் தடவுகிற ஸ்பிரிட் போல் காரமாக அடிக்கின்றன என்றாள். மற்ற இரண்டும் கனிந்த வாழைப்பழம் போல் என்றாள். பி.யூ.வின் வாசனை அதுதான் என்பது அவருக்கு நினைவிருந்தது. ஒரு மூடியில் வாழைப்பழத் தின்னரை ஊற்றி, ஹார்டனர் சேர்த்த பூச்சில் கலந்து, பழைய தகரத்துண்டில் அடித்துப் பார்த்தார் சவுரிராயன். மறுநாள் நகத்தால் கீறியும் தடம் விழவில்லை. கதவுகளைச் சுத்தமாகச் சுரண்டி மறுபடி அடித்தார். அந்த வார முடிவில் ஜினபாலன் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துப் போனார்.

புதுச்சேரியில் போய்ப் பார்த்த காது மூக்கு டாக்டர், வாசனை வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்றார். இதுவரை வரவில்லை. வாசனை தெரியாதவனுக்குப் பெயிண்ட் புகை உள்ளே போவதும் தெரியாது என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு, இருதயமேரி அன்றே நல்ல மாஸ்க் ஒன்றை வாங்க வைத்தாள். சவுரிராயன் இப்போது கடையில் சில்லறையாக ஊற்றித் தரும் தின்னரை வாங்குவதில்லை. சீல் வைத்த டின்தான். எந்தப் பெயிண்டுக்கு என்பதோடு, வேகமாகக் காய்வதா மெதுவாகக் காய்வதா என்பதையும் டின்மேல் படித்துப் பார்க்கிறார். சித்திரை வெயிலில் வேகமானது கதவில் படியுமுன்பே காய்ந்து சொரசொரப்பாகிவிடும் என்பதால் அப்போது மெதுவானதை எடுக்கிறார். இதெல்லாம் முன்பும் தெரிந்ததுதான். இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறார், அவ்வளவுதான். கண்ணாடி போட வேண்டியிருக்கிறது.