அக்கா அறையின் மின்விசிறி

பக்கவாதம் வந்த பிறகு அக்கா மதுரையிலிருந்து பூந்தமல்லிக்கு, எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்துவிட்டாள். வலது காலும் கையும் விளங்கவில்லை, பேச்சு குழறியது. நானும் மனைவியும் வேலைக்குக் கிளம்பிவிட்டால் மாலைவரை தனியாகத்தான் இருப்பாள். அவள் எழுந்திருக்காமலே விளக்கும் விசிறியும் போட ஒரு ஸ்மார்ட் ஹோம் ஹப் வாங்க முடிவு செய்தேன்.

மூன்று வாரம் தேடினேன். ஒன்றில் மடியில் வைத்து அழுத்தும் பெரிய பொத்தான்கள் இருந்தன. இன்னொன்று குரலுக்கு இயங்கும். பேசிப் பேசி நாக்கும் சரியாகும் என்று குரலுக்கு இயங்குவதையே வாங்கினேன். அலுவலகத்தில் கேட்டேன், இணையத்தில் முகம் தெரியாதவர்களிடம்கூடக் கேட்டேன். அக்காவைக் கேட்கவில்லை.

பொருத்த வந்த கரையான்சாவடி எலெக்ட்ரீஷியன் அவளைப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"சார், கட்டிலாண்ட ஒரு சுவிட்சு போட்டு வுட்டுறேன். அக்காவுக்கு இடது கை நல்லாத்தானே கீது?"

சுவரில் ஒயர் ஓடினால் அசிங்கமாக இருக்கும் என்று மறுத்துவிட்டேன்.

முதல் ஞாயிறு நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். பத்தில் இரண்டு முறை விசிறி சுற்றியது; மற்ற எட்டு முறையும் "புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்" என்றது ஹப். போகப் போகப் பழகிவிடும் என்றேன்.

மே மாதத்தில் ஒருநாள் மாலை வீடு திரும்பியபோது அவள் அறை உலையாகக் கொதித்தது. விசிறி ஓடவில்லை. புடவை நனைந்து உடம்போடு ஒட்டியிருக்க, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மின்சாரம் போய்விட்டதா என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டினாள். பிறகு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்:

"எத்தனை தடவைடா... புரியலைன்னு... கேக்கிறது."

மறுநாளே எலெக்ட்ரீஷியனை அழைத்துக் கட்டிலோரம் சுவிட்ச் வைத்தேன். ஹப்பைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றினேன். வெக்கை தீர்ந்தது. ஆனால் அதுவரை காய்கறிக்காரரிடமும் என் மனைவியிடமும் நாலு வார்த்தையாவது பேசிக்கொண்டிருந்தவள், பேசுவதையே விட்டுவிட்டாள். பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண்ணிடமும் வாயை இறுக்கிக்கொள்கிறாளாம்.

போன வாரம், ஊருக்கு ஒருமுறை போய்வரலாமா என்று கேட்டேன். தலையை லேசாக அசைத்தாள். சரி என்கிறாளா, வேண்டாம் என்கிறாளா தெரியவில்லை. மறுபடி கேட்க எனக்கு வாய் வரவில்லை.