மணல் மூட்டைக்கு முதுகு வலிக்காது

அவருக்கு லிஃப்ட் சோதிக்கும் வேலை. அலுவலகத்தில் எல்லாரும் டார்ச் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப்பையில் விரல் நீளத்தில் ஒரு டார்ச் எப்போதும் இருக்கும். லிஃப்டைத் தூக்கும் கம்பிவடத்தில் ஒரு இழை அறுந்திருந்தாலும் தெரிய வேண்டும் என்று வாங்கியது. முப்பது வருடத்தில் அது வேலையைத் தாண்டி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. பால் பாக்கெட்டின் தேதி, மருந்து அட்டையின் ஓரம், குழாய் ரிப்பேர்காரரின் பை என்று எதையும் விட்டுவைக்காது. வாயைத் திறக்கச் சொன்ன பல் டாக்டரை நிறுத்திவிட்டு, முதலில் டாக்டரின் கருவித் தட்டில் விளக்கு அடித்துப் பார்த்த ஆள் அவர்.

கெட்ட மனிதர் இல்லை. அவர் கையெழுத்துப் போட்ட லிஃப்ட் எதுவும் இதுவரை விழவில்லை. அந்த ஒன்றை வைத்துக்கொண்டே உலகத்தில் மற்ற யாரையும் நம்பாமல் காலம் தள்ளினார்.

அவர் மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தினமும் காலையில் அவளைக் காரில் அங்கே இறக்கிவிட்டுத்தான் டார்ச் தன் வேலைக்குப் போவார். நாலு மாதத்துக்கு முன் அப்படிப் போகும்போது, வெள்ளைக்கோடு அழிந்துபோன ஒரு வேகத்தடையில் கார் எகிறி விழுந்தது. அவளுக்கு ஐம்பத்தாறு வயது. எலும்பு ஏற்கெனவே சல்லடை. முதுகெலும்பில் ஒரு கண்ணி அமுங்கி நொறுங்கிவிட்டது. ஆறு வாரம் படுக்கை, அப்புறம் இடுப்புப் பட்டை, அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடை.

ஒரு வழியாக டாக்டர் வேலைக்குப் போகலாம் என்றார். ஆனால் உடம்பு குலுங்கக் கூடாது. கூடத்தின் மேலாளர் தொலைபேசியில் கறாராகச் சொல்லிவிட்டார்: "ஒண்ணாம் தேதி வரைக்கும் உங்க இடத்தை வெச்சிருப்பேன். அதுக்கு மேல வேற ஆளப் போட்டுடுவேன். கோச்சுக்காதீங்க." பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற நிலையில் அவள் இல்லை. டாக்சிக்காரர்களை டார்ச் நம்பமாட்டார். ஆக, கார்தான்.

"அன்னிக்கு வண்டியில குலுக்கலைத் தாங்கற ஷாக் போயிருந்துச்சு. அதான் இவ்வளவும்," என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருந்தார். அதனால் ஷாக்கை மாற்றுவது அவர் பொறுப்பு ஆயிற்று. ஒண்ணாம் தேதிக்கு அப்போது இருபத்தாறு நாள் இருந்தது.

முதலில் வந்தவன் மைத்துனன், மனைவியின் தம்பி. கார்ப் பைத்தியம். அவன் கார் தரையை நக்கிக்கொண்டு போகும்.

"மாமா, கண்ண மூடிட்டு காயில்ஓவர் போடுங்க. ஷாக்கைச் சுத்தியே ஸ்பிரிங் இருக்கும். மரையைத் திருகினா வண்டி ஏறும், இறங்கும். என் பழைய செட்டு வீட்ல சும்மாதான் கிடக்கு. எடுத்துக்குங்க, காசே வேணாம்."

காசே வேணாம் என்ற சொல் காதில் விழுந்ததும் டார்ச்சின் கை சட்டைப்பைக்குப் போயிற்று. மறுநாள் அந்தச் செட்டைப் புரட்டிப் புரட்டி வெளிச்சம் அடித்தார். தண்டின் ஓரத்தில் ஈரம்.

"மச்சான், இது என்ன?"

"மழைத்தண்ணியா இருக்கும் மாமா."

"மழைத்தண்ணி இப்படி வழவழன்னு இருக்குமா? உள்ள இருக்கற எண்ணெய் ஒழுகுது. உங்க அக்காவுக்கு இதையா மாட்டச் சொல்ற?"

"உங்ககிட்ட தானமா குடுத்தாக்கூட மாட்டுக்குப் பல்லைப் பிடிச்சுப் பார்ப்பீங்க," என்று மைத்துனன் செட்டைத் தூக்கிக்கொண்டு போனான். ஆனால் ஒழுகியது உண்மை. அதில் டார்ச்சுக்கு இரண்டு நாள் தெம்பாக இருந்தது.

அடுத்தது பட்டறை. ஷாக் வேலை மட்டுமே பார்க்கிற பட்டறை. நடத்துவது ஒரு பெண்மணி. முழங்கை வரை கிரீஸ், காதில் பென்சில். அவர் ஏர் சஸ்பென்ஷனைப் பற்றிச் சொன்னார். ஸ்பிரிங்குக்குப் பதிலாக நாலு ரப்பர் பை. டிக்கியில் ஒரு கம்ப்ரசர் காற்றை அடைக்கும். பட்டனைத் தட்டினால் கார் உயரும், தாழும். மெத்தென்று போகும்.

"அப்போ அதைத்தான் வாங்கச் சொல்றீங்க," என்றார் டார்ச், பிடித்துவிட்டேன் பார் என்கிற குரலில்.

"நான் ரெண்டையும் போடறேன் சார். காயில்ஓவர்ல கெட்டுப்போக அதிகம் ஒண்ணும் இல்ல. மிருதுவான ஸ்பிரிங் கேட்டு வாங்கி, வண்டியைத் தாழ்த்தாம வெச்சா நல்லாவே போகும். ஆனா உயரத்தை மாத்தணும்னா ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழட்டணும். காத்து சொகுசு. ஆனா பராமரிப்பு உண்டு. எது வேணும்னு உக்காரப் போறவங்கதான் சொல்லணும்."

இரண்டையும் விற்கிறவர் ஒன்றைத் தள்ளிவிடவில்லை என்பது அவருக்கு இன்னும் பெரிய சந்தேகமாக இருந்தது. பட்டறையில் இரண்டு வகைக்கும் ஒவ்வொரு கார் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாக எடுத்துப்போய் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று சாவியைக் கொடுத்தார் அந்த அம்மா. முன்பணம் கூடக் கேட்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஏன் கேட்கவில்லை என்று யோசித்துக்கொண்டே வந்தார்.

லிஃப்டை ஆளை ஏற்றிச் சோதிக்கமாட்டார்கள். மணல் மூட்டைதான் ஏற்றுவார்கள். தரையில் தளும்பத் தளும்பத் தண்ணீர் ஊற்றிய டம்ளரை வைப்பார் டார்ச். லிஃப்ட் நிற்கும்போது எவ்வளவு சிந்துகிறது என்று பார்ப்பார். காரையும் அப்படியே சோதித்தார். மனைவியின் எடை ஐம்பத்து நாலு கிலோ. ஐம்பத்து நாலு கிலோ மணலை மூட்டையாகக் கட்டி, அவள் உட்காரும் இருக்கையில் ஏற்றி, பெல்ட்டும் போட்டுவிட்டார். மூட்டைக்கு முன்னால் அட்டைப்பெட்டியில் டம்ளர்.

எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரர் வாசலில் நின்று பார்த்தார். "என்ன சார், புதுசா கல்யாணமா? பொண்ணு வாயே திறக்கல போலிருக்கு."

டார்ச் சிரிக்கவில்லை. பத்து நாள், காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, அதே பாதையில் மூட்டையோடு போய் வந்தார். காயில்ஓவர் காரில் சின்னச் சின்னக் குழிகளில் தண்ணீர் தெறித்தது. ஏர் காரில் வளைவுகளில் ஒரு பக்கமாகச் சாய்ந்து வழிந்தது. இரண்டையும் நோட்டில் எழுதினார்.

ஏர் காரை நிறுத்திவைக்கும்போது சக்கரத்துக்கு மேல் சாக்கட்டியால் கோடு போட்டு, தரையிலிருந்து அளந்துவைப்பார். ஒரு நாள் காலையில் முன் வலது பக்கம் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. அவர் முகத்தில் அன்று வந்த களை, பிள்ளை பரீட்சையில் முதலாவதாக வந்தால் வருகிற களை. சோப்புத் தண்ணீரைக் கரைத்துக் குழாய் இணைப்புகளில் தடவினார். ஒன்றில் குமிழி கிளம்பியது. நேரே பட்டறைக்குப் போனார்.

"உங்க காத்து ஒழுகுதும்மா."

"எந்த இடத்துல?"

காட்டினார். அந்த அம்மா ஸ்பேனரை எடுத்து அரைச் சுற்று முறுக்கினார். சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். குமிழி இல்லை.

"உங்ககிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி கழட்டி மாட்டினேன். சரியா முறுக்கல. என் தப்பு சார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

தப்பை இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்கிறவரை டார்ச் அதுவரை பார்த்ததில்லை. இதைவிடப் பெரிய தப்பு ஒன்றை மறைக்கத்தான் சின்னதை ஒத்துக்கொள்கிறார் என்று முடிவு கட்டினார். இன்னும் ஒரு வாரம் கார் என்னிடம் இருக்கட்டும் என்றார். ஒண்ணாம் தேதிக்கு அப்போது ஒன்பது நாள்.

வீட்டில் மனைவி சமையல்கட்டு ஜன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மறுநாள் அவர் குளிக்கப் போன நேரத்தில் நோட்டை எடுத்துப் படித்தாள். பதினேழு குறைகள் நம்பர் போட்டு எழுதியிருந்தன. கம்ப்ரசர் சத்தம். ரப்பர் வாசனை. பட்டனில் விரல் ரேகை. பதினேழாவது, 'பட்டறைக்காரம்மா அளவுக்கு மீறிப் பொறுமையாக இருக்கிறார்.' கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொருமுறை படித்தாள். அப்புறம் மெதுவாக வாசலுக்கு நடந்து போய், கார்க் கதவைத் திறந்து, தன் இடத்தில் உட்கார்ந்திருந்த மூட்டையைப் பார்த்தாள்.

டார்ச் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"என்னங்க, இது எனக்குச் சக்களத்தியா?"

"உன் எடைதான். ஒரு கிராம் கூட இல்ல, குறைய இல்ல."

"எடை சரி. மூட்டைக்கு முதுகு வலிக்குமா? எங்க வலிக்குது, எப்போ வலிக்குதுன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"குலுங்கினா வலிக்கும்னு டாக்டரே சொல்லிட்டாரே."

"போன வாரம் ஸ்கேன் எடுக்கத் தம்பி வண்டியில போனேன். ஓட்டுறப்போ தாங்கிக்கிட்டேன். குழிக்குள்ள இறங்கற மாதிரி அந்த சீட்டுல உக்கார்றப்பவும், அதுல இருந்து எந்திரிக்கறப்பவும்தான் உசிரு போச்சு. ரெண்டு பேர் பிடிச்சுத் தூக்கினாங்க."

டார்ச் நோட்டைத் தேடினார். அவள் கையில் இருந்தது. கொடுக்கவில்லை.

"எனக்கு உங்க மேலயே ஒரு சந்தேகம். நான் வேலைக்குப் போக வேணாம்னு பார்க்கறீங்களோ?"

"சேச்சே! நான் எதுக்கு அப்படி?"

"அப்புறம் ஏன் இன்னும் முடிவு பண்ணல? பதினேழு குறை எழுதியிருக்கீங்க. பதினெட்டாவது ஒண்ணு இருக்கு. அதை எழுதல."

"என்னது?"

"அன்னிக்கு ஷாக் போகல."

எதிர்வீட்டில் தபால்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டார். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"பின்னாடி ஒருத்தன் பைக்ல வந்தான். நம்மள ஃபாலோ பண்றான், ஃபாலோ பண்றான்னு கண்ணாடியையே பார்த்துக்கிட்டு ஓட்டினீங்க. அவன் பார்சல் குடுக்கறவன். முதுகுல அவ்வளவு பெரிய பை. எனக்குத் தெரிஞ்சுது, உங்களுக்குத் தெரியல. ஸ்பீட் பிரேக்கர் வருதுன்னு ரெண்டு தடவை சொன்னேன். நீங்க முன்னாடி பார்க்கவே இல்ல."

டார்ச் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். பிரித்தார். மறுபடியும் மடித்தார். அறுபதில் ஏறினோமா எழுபதிலா என்று அவருக்கே இத்தனை நாளும் தெரியாது. வேகம் காட்டும் முள்ளைப் பார்த்திருந்தால்தானே தெரியும்.

"ஷாக்கையும் நான் பிரிச்சுப் பார்த்தேன்," என்றார் கடைசியில். "நல்லாத்தான் இருந்துச்சு."

"எப்போ பார்த்தீங்க?"

"நீ ஆஸ்பத்திரியில இருந்தப்போ. ரெண்டாம் நாள்."

"நாலு மாசமா வெச்சுக்கிட்டு இருந்தீங்களா?"

டார்ச் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். அவள் அழவில்லை, அவரும் அழவில்லை. நாலு மாதம் படுத்தும் நடந்தும் தேறிய ஒருத்திக்கு அழுவதைவிட அவசரமான வேலை இருந்தது.

"மூட்டையை இறக்குங்க. பட்டறைக்குப் போலாம். பத்து கிலோமீட்டர் வேகம் போதும்."

பட்டறைக்காரம்மா முதலில் காயில்ஓவர் காரில் உட்காரச் சொன்னார். தாழ்த்தாத கார்தான், ஆனாலும் இருக்கை முழங்காலுக்குக் கீழே இருந்தது. பாதி உட்காரும்போதே அவள் பல்லைக் கடித்தாள். அடுத்து, அவர்கள் வந்த ஏர் கார். வீட்டு வாசலில் அதை உயர்த்தாமலேதான் ஏறியிருந்தாள். "கொஞ்சம் இருங்கம்மா," என்று பட்டனை அழுத்தினார் அந்த அம்மா. கார் புஸ்ஸென்று நாலு விரல் எழும்பியது. இருக்கை அவள் முழங்காலுக்கு மேல் வந்து நின்றது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்து உள்ளே வைத்தாள். முகம் சுளிக்கவில்லை. ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார்கள். இறங்கும்போது யாரும் கை கொடுக்கவில்லை.

"இதுதான்," என்றாள்.

டார்ச் தொண்டையைச் செருமினார். இந்த ஒரு கேள்வி மட்டும் உண்மையாகவே வேலை தெரிந்தவரின் கேள்வி. "லிஃப்ட்ல கயிறு அறுந்தா பெட்டி தண்டவாளத்தைக் கவ்விக்கிட்டு நிக்கும். விழாது. ஸ்பிரிங் ஓய்ஞ்சாலும் வண்டி நிக்கும். இதுல காத்து போச்சுன்னா வண்டி கீழ உக்காந்துடும். அப்புறம் ஒவ்வொரு கல்லும் நேரா இவ முதுகுக்குத்தான் வரும். அதுக்கு என்ன பதில்?"

"பதில் இல்ல சார்," என்றார் பட்டறைக்காரம்மா. "அப்படி உக்காந்துட்டா ஓட்டாதீங்க."

"அதான் பதில்," என்றாள் மனைவி. "ஓரங்கட்டிட்டு டாக்சியில போவேன். இதுக்குப் போய் இத்தனை நாளா?"

அவர்களுடைய சொந்தக் காரில் ஏர் மாட்டி முடிக்க ஐந்து நாள் ஆயிற்று. ஐந்து நாளும் டார்ச் பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு இணைப்பையும் முறுக்கி முடித்ததும் அந்த அம்மா தானாகவே நகர்ந்து இடம் விடுவார். இவர் குனிந்து சோப்புத் தண்ணீர் தடவி, டார்ச் அடித்துப் பார்ப்பார். நாலாம் நாள் ஒன்றில் குமிழி கண்டுபிடித்தார். "நன்றி சார்," என்றார் அந்த அம்மா. அதில் என்ன சூது இருக்கிறது என்று அன்று மாலை முழுக்க யோசித்தும் அவருக்குப் பிடிபடவில்லை.

ஒண்ணாம் தேதி காலையில் சாக்கட்டிக் கோட்டை அளந்தார். இறங்கவில்லை. பட்டனை அழுத்திக் காரை உயர்த்தினார். மனைவி கைப்பையும் வெள்ளை மேலங்கியுமாக வந்து ஏறினாள்.

வெள்ளைக்கோடு அழிந்த அந்த வேகத்தடை வந்தது. டார்ச் நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டார். பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள், நீளமாக, இரண்டு மூன்று பேர். அவர் கண் கண்ணாடிப் பக்கம் போயிற்று.

"முன்னாடி பாருங்க," என்றாள்.

பார்த்தார். முன் சக்கரம் ஏறி இறங்கியது. பின் சக்கரம் ஏறி இறங்கியது. அவள் இருக்கையின் ஓரத்தைப் பிடித்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பரிசோதனைக் கூடத்து வாசலில் தானாக இறங்கினாள். இரண்டு அடி நடந்தவள் நின்று, காரின் பின்பக்கத்தைப் பார்த்தாள். டிக்கி ஒரு பிடி தாழ்ந்திருந்தது.

"மூட்டை இன்னும் உள்ளதான் இருக்கா?"

"ஒரு பாதுகாப்புக்கு…"

"சாயங்காலம் அஞ்சரைக்கு வாங்க. அது இல்லாம வாங்க."