முதுகு படாத நாற்காலிகள்

போன திங்கட்கிழமை என் ஆபீஸில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினேன். இரண்டே வரி. 'நான் உள்ளே வரும்போது யாரும் எழுந்திருக்கக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போது முதுகு நாற்காலியில் பட்டிருக்க வேண்டும்.'

ஆறு பேரும் எழுந்து வந்து, கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்று படித்தார்கள். சரிங்க சார் என்றார்கள். பிறகு நான் போய் என் இடத்தில் உட்காரும் வரை நின்றுகொண்டே இருந்தார்கள்.

விஷயம் என்னவென்றால்... காளவாசல் பக்கம் நான் நடத்துவது வீட்டு பிளான் வரைந்து கொடுக்கும் ஆபீஸ். மாடியில் நீளமாக ஒரே ஹால். ஆறு கம்ப்யூட்டர், ஆறு பேர், அவர்களுக்கு எதிரே என் மேஜை. எல்லோரையும் நான் பார்க்கலாம், என்னை எல்லோரும் பார்க்கலாம் — வெளிப்படையான நிர்வாகம் என்று வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் பாண்டிமீனா என் மேஜை முன் வந்து நின்றார். ஒன்பது வருடமாக என்னிடம் வேலை பார்ப்பவர். வீடு கட்டப் போகிறவர் வாயால் சொல்வதைக் கேட்டே பாதி பிளானை வரைந்துவிடுவார். அவர் போய்விட்டால் இந்த ஆபீஸில் மிஞ்சுவது வாசலில் இருக்கும் போர்டு மட்டும்தான். எழுமலையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறார். கொஞ்ச நாளாக சீட் காலியாக இருந்தாலும் உட்காராமல் நின்றபடியேதான் வந்து போகிறாராம்.

"வேலை பிடிக்காம இல்ல சார். உட்கார முடியல. இடுப்புலருந்து கழுத்து வரைக்கும் பிடிச்சு இழுக்குது. இப்படியே உட்காந்தா ஆகாது, வேலைய விட்டுருங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

இன்னும் இரண்டு மாதம், அதாவது இந்த மாதக் கடைசி வரை பார்ப்பதாகவும், வலி குறையாவிட்டால் போய்விடுவதாகவும் சொன்னார். எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

உடனே ஆறு புது நாற்காலி வாங்கினேன். நண்பரின் தம்பி குமரேசன் பிசியோதெரபிஸ்ட். ஆபீஸ்களில் யார் எப்படி உட்கார வேண்டும் என்று அமைத்துக் கொடுப்பவர். அவர் இன்ச் டேப்போடு வந்து, ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கும் டெய்லரைப் போல ஆறு பேரையும் அளந்தார். முழங்கை மேஜை மட்டத்துக்கு வர வேண்டும். கம்ப்யூட்டர் திரையின் மேல் விளிம்பு கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். கால் எட்டாதவர்களுக்குக் கீழே ஒரு பலகை. நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தால் அம்புட்டு பாரத்தையும் நாற்காலியே வாங்கிக்கொள்ளும் என்றார்.

ஒரு மாதம் போனது. மீனாவுக்கு வலி கொஞ்சமும் குறையவில்லை. குமரேசனை போனில் கூப்பிட்டுக் கொஞ்சம் காரமாகவே பேசினேன். அவர் கோபப்படவில்லை. நேரில் வந்து, பிளான் வாங்க வந்தவரைப் போல மூலையில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். நடுவில் நான் கீழே டீ குடிக்கப் போய் வந்தேன். வந்ததும் என்னைப் படிக்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"அண்ணே, நீங்க இருக்கையில ஒருத்தர் முதுகும் சேர்ல படல. எல்லாரும் நுனியில வெறச்சுப்போயி உட்காந்திருக்காங்க. நீங்க டீக்குப் போனீங்க, ஆறு பேரும் சாஞ்சுட்டாங்க. படியில உங்க செருப்புச் சத்தம் கேட்டுச்சு, ஆறு பேரும் நிமிந்துட்டாங்க. சேர்ல ஒரு கோளாறும் இல்லண்ணே."

அப்படியானால் கோளாறு எங்கே என்று நான் கேட்கவில்லை.

யோசித்துப் பார்த்தேன். எழுந்து நில்லுங்கள் என்று நான் யாரிடமாவது சொல்லியிருக்கிறேனா? ஒருநாளும் இல்லை. எழுந்தவர்களைப் பார்த்து 'உட்காருங்க, உட்காருங்க' என்று கையை மட்டும் அசைப்பேன். அந்தக் கையசைப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரியவர்கள் எதிரே சாய்ந்து உட்காரக் கூடாது என்று நம் ஊரில் யாரும் பாடம் நடத்துவதில்லை. ஆனாலும் எல்லோரும் பாஸாகிவிடுகிறோம்.

அதனால்தான் அந்தச் சுற்றறிக்கை. அன்றைக்கு முழுக்க ஆறு பேரும் சாய்ந்துதான் இருந்தார்கள் — பல் பிடுங்கக் காத்திருப்பவர்களைப் போல. உத்தரவுக்குப் பணிந்து சாய்வதில் என்ன சுகம் இருக்கப்போகிறது? மறுநாள் காலையில் என் மேஜையைப் பழைய பிளான் சுருள்கள் கிடக்கும் பின்னறைக்கு மாற்றினேன். கதவையும் சாத்திக்கொண்டேன். இரண்டு நாளில் ஹாலிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. இத்தனை வருடத்தில் எனக்கு அது புதிது.

நேற்று ஒரு பிளானில் மாடிப்படி பற்றிக் கேட்பதற்காக மீனாவிடம் போனேன். நன்றாகச் சாய்ந்து, காலைப் பலகையில் வைத்து, வரைந்துகொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. திரும்பவும் இல்லை. "ரெண்டு நிமிசம் சார், இந்தச் சுவர முடிச்சிட்டு வாரேன்" என்றார்.

நின்றேன். என் சொந்த ஆபீஸில், ஆறு பேர் சாய்ந்திருக்க, நான் ஒருவன் நின்றேன். சுள்ளென்று கோபம் ஏறியது.

வேலையை முடித்துவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பினார். உட்கார்ந்தபடியே சொன்னார்: "மாசக் கடைசியில போறேன்னு சொல்லியிருந்தேன்ல சார்... போகல. இந்த நாலு நாளா வலி நல்லா குறைஞ்சிருக்கு. நேத்து பஸ்ல ஊரு வரைக்கும் உட்காந்தே போனேன்."

சந்தோஷம்மா என்றேன். உண்மையிலேயே சந்தோஷம்தான்.

'போனால் போகட்டும்' என்று அந்த இரண்டு நிமிடத்தில் நான் முடிவு செய்திருந்ததை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.