மல்லாட்டைச் செடி

எங்கள் குடியிருப்பில் நேற்று குழந்தைகளுக்கு விவசாயம் காட்டினார்கள். ஒருவர் கடலைச் செடியை வேரோடு தூக்கிப் பிடித்தார். பச்சைக் காயும் ஈர மண்ணும் கலந்த வாசனை வந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது.

எழுபதுகளில் கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து பஸ் ஏறித் திருவண்ணாமலைக்குப் படிக்கப் போனேன். வகுப்பில் எல்லாம் ஆபீசர் வீட்டுப் பிள்ளைகள். என் பெஞ்சில் யாரும் உட்கார மாட்டார்கள். வேர்க்கடலை எங்கே காய்க்கும் என்று டீச்சர் கேட்டார். "மரத்துல" என்றார்கள். நான், "மல்லாட்ட மண்ணுக்குள்ள காய்க்கும் டீச்சர்" என்றேன். எங்கள் ஊரில் கடலைக்கு அதுதான் பெயர். வகுப்பே சிரித்தது.

"நாளைக்கு ஒரு செடி எடுத்துட்டு வா" என்றார் டீச்சர்.

அதைப் பார்த்தால் யாராவது பக்கத்தில் உட்காருவார்கள் என்று நினைத்தேன். அம்மா ஒரு கொத்து பிடுங்கித் துணியில் சுற்றிக் கொடுத்தாள். "உதறிடாத. மண்ணோட காட்டுனாதான் நம்புவாங்க."

நம்பினார்கள். மொய்த்து எல்லாக் காயையும் பறித்துத் தின்றார்கள். பிறகு வகுப்பு லீடர் துடைப்பத்தை என்னிடம் நீட்டினாள். "ஏய் மல்லாட்ட, மண்ணு கொண்டாந்தவதான் கூட்டணும்."

கூட்டினேன். பள்ளி முடியும்வரை அதுதான் என் பெயர். பெஞ்சிலும் நான் மட்டும்தான்.

நேற்று பிள்ளைகள் அதே மண்ணைக் கன்னத்தில் பூசிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அம்மாக்கள் கைதட்டினார்கள். எல்லாம் முடிந்தபின் தரையெங்கும் மண். கீழ்வீட்டுப் பெண் என்னிடம் வந்தாள்.

"ஆன்ட்டி, நீங்க சும்மாதான இருக்கீங்க? கொஞ்சம் கூட்டிடறீங்களா?"

"மண்ண நான் கொண்டாரலம்மா" என்று சொல்லிவிட்டு, மாடியேறிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.