ஹாலுக்கு அடியில் அரைமணி நேரம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு நான் எங்கே இருந்தேன் தெரியுமா? என் வீட்டு ஹாலுக்கு நேர் கீழே. மண்ணில், குப்புறப் படுத்தபடி.

வடவள்ளியில் நாங்கள் வீடு கட்டிய இடம் சரிவானது. அதனால் தூண்கள் எழுப்பி, அவற்றின் மேல் தளம் போட்டார்கள். தரைக்கு அடியில் இரண்டடி உயரத்துக்கு வெற்றிடம். பின்பக்கம் நாய் நுழைகிற அளவில் ஒரு கதவு. பத்து வருடமாக அதை யாரும் திறந்ததில்லை. அங்கே நமக்கு என்ன வேலை?

இந்தக் கோடையில் வேலை வந்தது. ஹால் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம். பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பியது. மழையே இல்லை... தண்ணீர் மட்டும் எங்கிருந்து?

நான் யோசிக்கவே இல்லை. நேராகப் பக்கத்து வீட்டு ரங்கசாமி அண்ணனிடம் போனேன். மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் சண்டைக்கும் மரியாதை உண்டு.

“ஏனுங்ண்ணா, உங்க சம்ப்பு ஒழுகி எங்க அஸ்திவாரத்தையே கரைக்குதுங்க. இதெல்லாம் நல்லாவா இருக்குதுங்க?”

“அப்படீங்களா தம்பி? காலி பண்ணிப் பாத்துரலாமுங்க.”

காலி செய்தார். நான்கு நாள் மகள் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தார். அந்த நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. என் சுவரிலோ ஓதம் இன்னும் ஒரு சாண் ஏறியிருந்தது. மன்னிப்புக் கேட்டேனா? “உங்க பைப்பையும் ஒருக்கா பாத்துருங்க” என்றேன்!

மேஸ்திரி வேலுச்சாமியை வரவழைத்தேன். “அடீல ஈரம் நின்னா கம்பி துருப்புடிச்சுப் போயிருமுங்க. ஆராச்சும் உள்ள போயிப் பாக்கோணும்” என்றார். தன் தொப்பையைப் பார்த்தார். பிறகு என் தொப்பையைப் பார்த்தார். இரண்டு விரற்கடை வித்தியாசத்தில் நான் தேர்வானேன்.

டார்ச்சோடு ஊர்ந்தேன். ஹால் சுவரோரம் போனபோது சட்டை ஏதோ ஒரு கம்பியில் மாட்டிக்கொண்டது. முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் வர முடியவில்லை. கத்தினேன்.

தலைக்கு மேலே என் மனைவி கலாமணியின் குரல். “ஏனுங்க, புழுக்கமா இருக்குதுங்களா? ஏசியப் போட்டு உடறேன். தரை குளுந்தா உங்களுக்கும் குளுகுளுன்னு இருக்குமுங்க!”

என்ன ஒரு கரிசனம்! பத்து நிமிடம் போயிருக்கும்...

சொட்!

சரியாக உச்சந்தலையில். டார்ச்சை அடித்துப் பார்த்தேன். காற்றுப் போக விட்டிருந்த ஓட்டை வழியே ஒரு பைப் எட்டிப் பார்த்தது. எங்கள் ஏசித் தண்ணீர் பைப். “வெளிய தெரிஞ்சா அசிங்கமுங்க, உள்ள உட்டுருங்க” என்று போன வருடம் மெக்கானிக்குக்கு உத்தரவு போட்ட அறிவாளி யார்? நான்தான். கோடை முழுக்க சொந்த அஸ்திவாரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறேன்!

இதற்குள் என் சத்தம் கேட்டு ரங்கசாமி அண்ணன் வந்துவிட்டார். ஒல்லியான மனிதர். சரசரவென்று உள்ளே ஊர்ந்து வந்து சட்டையை விடுவித்தார். “கால நீட்டுங்க தம்பி” என்று இரண்டு கால்களையும் பற்றி, இழுத்து வெளியே போட்டார்.

“மன்னிச்சுக்குங்க தம்பி, சட்ட கிழிஞ்சுபோச்சுங்க” என்றார். அவர் என்னிடம்!

பைப்பை அன்றே தோட்டத்துப் பக்கம் திருப்பிவிட்டோம். அந்தக் கதவுக்குப் பதிலாகக் கம்பிவலை அடித்தாயிற்று. நன்றாகக் காற்றோட்டம் இருக்கிறது. சுவர் காய்ந்துவருகிறது. வீட்டில் ஓதம் கண்டால், பக்கத்து வீட்டுக் காலிங்பெல்லை அழுத்துவதற்கு முன் உங்கள் ஏசி பைப் எங்கே போகிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

நியாயப்படி நான்தான் அவர் காலைப் பிடித்திருக்க வேண்டும் — அதிலும் அவரே முந்திக்கொண்டார்!