திறந்து பார்க்காத டேப்

திரேசா அக்கா இறந்துவிட்டதாகக் கொட்டாஞ்சேனையிலிருந்து அவருடைய தம்பி தொலைபேசியில் சொன்னபோது, "டொக்டர் வந்து பாத்தவரா?" என்றுதான் முதலில் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. அக்காவோடு வேலை செய்தவர்கள் அப்படித்தான் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

யுத்த காலத்தில், கொழும்பு வெள்ளவத்தையிலிருந்த எங்கள் காப்புறுதி அலுவலகத்தில் கணினிக்கு அவர்தான் பொறுப்பு. குண்டு வெடித்தாலும் கணக்குகள் மிஞ்ச வேண்டும் என்று தினமும் டேப்பில் பிரதி எடுப்போம். அக்காவுக்கு அது போதாது. "எடுத்தாச்சுன்னு சொல்லுவாங்க. தொறந்து பாத்தாங்களான்னு கேளுங்க" என்பார்.

எல்லா டேப்பையும் திறந்து பார்த்தால் இருந்த ஒரே கணினி நாள் முழுக்க முடங்கும். மின்வெட்டு வேறு; ஜெனரேட்டர் போட வேண்டும். "டீசல் என்ன தண்ணியோ?" என்று மனேஜர் சீறினார். அதனால் அக்கா ஒரு திட்டம் போட்டார்: வெள்ளிக்கிழமை, மற்றவர்கள் சாப்பிடும் நேரத்தில், ஒரு டேப் மட்டும். எது என்பதை, கோயில் விழாவில் எண் குலுக்கி ஆடும் டொம்போலா விளையாட்டின் பையிலிருந்து எண்கட்டை எடுத்துத் தீர்மானிப்பார். முன்கூட்டியே தெரிந்தால் அதை மட்டும் ஒழுங்காக எடுப்போமாம்! அந்தப் பைக்குள் நாங்கள் கையை நுழைக்கவும் விடமாட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜெனரேட்டர் பழுதாகி, எண் விழுந்த டேப்பைப் பார்க்க முடியவில்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று அதை வீட்டுக்குக் கொண்டுபோனார். சோதனைச் சாவடியில் டேப்பும், யாரிடமும் விட்டுவைக்காத எண்கட்டைகளும் ஒன்றாக அகப்பட்டன. "டொம்போலா, மாத்தயா" என்று சிங்களத்தில் ஐயா போட்டுச் சொன்னதை யார் நம்புவார்கள்? இரகசியக் குறியீடு என்றே நினைத்தார்கள்.

மறுநாள் பொலிஸார் அவரை அலுவலகத்துக்கு அழைத்து வந்தார்கள். டேப்பில் அவர் சொன்னபடி வாடிக்கையாளர் பெயர்கள் இருந்தால் விடுதலை. இல்லாவிட்டால் திரும்பவும் ஜீப்பில்தான்.

"இது வேலை செய்யுமா?" என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார்.

"ஓம் எண்டு சொல்லும், திரேசா" என்று மனேஜர் முணுமுணுத்தார்.

அக்கா அதிகாரியிடம் சிங்களத்திலேயே, "தெரியாது மாத்தயா. இன்னும் திறந்து பார்க்கவில்லை" என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. உயிரைவிடவா இந்தப் பிடிவாதம்? நல்லவேளையாக அன்று மின்சாரம் இருந்தது; டேப் சுற்றியது. திரை வெறுமையாகவே கிடந்தது. அதிகாரி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெயர்கள் வரத் தொடங்கின.

ஜீப் போனதும் மனேஜர், "எனக்கு உம்மில எப்பவும் நம்பிக்கை இருந்தது" என்றார்.

"அது இருக்கட்டும் சேர். மிச்ச டேப்பெல்லாம் பாக்க டீசல் தருவீங்களா?"

தந்தார்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தத் 'தெரியாது'தான். சந்தேகத்தின் பேரிலேயே நம்மைப் பிடித்துக்கொண்டு போன காலத்தில், தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே பொருளையும் அவர் சும்மா நம்பவில்லை. அந்த இடத்தில் நானாக இருந்தால் "ஓம்" என்றுதான் சொல்லியிருப்பேன்.